ராணுவம் கழித்த டிரெய்லரைக் குடும்பத்துக்கான முகாம் டிரெய்லராக மாற்றுவது: எதை எடுப்பது, எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருப்பவர். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், நான்கு கதவு ஜீப் ரேங்லர் ஒன்று. அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட டிரெய்லர் ஒன்றை ஏலத்தில் எடுத்து, மலைப்பாதையில் இழுத்துப் போய்க் குடும்பத்தோடு தங்கும்படி மாற்ற நினைக்கிறார். எந்த மாடலை எடுக்கலாம், வேலையை எங்கே தொடங்கலாம் என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கும் வண்டிக்கும் எம்1101 அல்லது எம்1102 என்ற அலுமினிய டிரெய்லர் பொருந்தும். எடுத்த பிறகு கூடாரம், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். கொக்கி, பிரேக், சக்கரம், விளக்கு ஆகிய நான்கும் சாலைக்குத் தகுந்தபடி மாறும்வரை ஒரு பலகையைக்கூட அறுக்க வேண்டாம். ராணுவ டிரெய்லர் என்பது 24 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் கனமான வண்டிக்குப் பின்னால் பெட்டிகளையும் தண்ணீர்க் கேன்களையும் சுமந்து போவதற்காகச் செய்தது. நீங்கள் அதை 12 வோல்ட் ஜீப்பில் கட்டி, பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இழுக்கப்போகிறீர்கள். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்வதுதான் உண்மையான மாற்று வேலை. படுக்கையும் சமையலும் அதற்குப் பிறகு சுலபமாக வரும்.

முதலில் மாடல்கள். ஜீப்போடு டிரெய்லர் சேர்ந்த கதை இரண்டாம் உலகப் போரிலிருந்தே இருக்கிறது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரத்தில் இருந்த பாண்டம் நிறுவனம்தான் 1940-ல் முதல் ஜீப்பை உருவாக்கிக் கொடுத்தது. ஆனால் பெரிய உற்பத்தி ஆர்டர் வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பாண்டமுக்குக் கிடைத்தது கால் டன் சுமை ஏற்றும் டிரெய்லர் செய்யும் வேலை. அந்தச் சின்ன வண்டியின் வழிவந்ததுதான் எம்151 ஜீப்புக்காக வந்த எம்416. காலி எடை சுமார் 260 கிலோ, தண்ணீரில் மிதக்கும்படி அடைத்துச் செய்த தொட்டி உடல். இரண்டு பேர் போவதென்றால் இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது என்பேன். நான்கு பேருக்குப் போதாது. அதற்குப் பின் கதவும் கிடையாது. சமையல் சாமானை எடுக்க ஒவ்வொரு முறையும் மேலிருந்து குனிந்து துழாவ வேண்டும், இல்லையென்றால் தொட்டியின் பின்சுவரை அறுக்க வேண்டும். துருப்பிடிக்காத நல்ல எம்416 இப்போது சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். அதை அறுக்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது எம்101 வரிசை, முக்கால் டன் சுமை ஏற்றுவது. காலி எடை 600 கிலோவுக்குச் சற்று மேல். இரும்பு உடல், பின் கதவு, பட்டை ஸ்பிரிங். வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பிடித்த வண்டி இது. தொட்டியின் மூலைகளிலும் தரைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் சேரும் இடத்திலும் துரு உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்றரை டன் எம்105 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அது லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியது, காலியாகவே 1200 கிலோ வரும், பிரேக்குக்குக் காற்று வேண்டும்.

எம்1101, எம்1102 இரண்டும் ஹம்வி என்ற அகலமான ராணுவ வண்டிக்காக ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் சில்வர் ஈகிள் நிறுவனம் செய்தவை. அலுமினிய உடல், அதனால் துருக் கவலை பாதியாகக் குறைகிறது. எம்1102-இன் காலி எடை சுமார் 660 கிலோ, சுமையோடு சேர்த்து 1900 கிலோ வரை அனுமதி. எம்1101-க்கு மொத்த எடை வரம்பு சுமார் 1540 கிலோ. உங்கள் ஜீப் இழுக்கக்கூடியதே 3500 பவுண்ட், அதாவது 1588 கிலோ என்பதால் இரண்டில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். ஒரு குறை உண்டு. இதன் அகலம் 86 அங்குலம், ஹம்வியின் அகலமேதான். உங்கள் ஜீப்பைவிட ஒவ்வொரு பக்கமும் அரை அடி வெளியே நிற்கும். குறுகிய மலைப்பாதையில் ஜீப் தப்பிக்கும் பாறையில் டிரெய்லரின் சக்கரம் ஏறும். ஓட்டுபவர் அந்த அரை அடியை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். கண்ணாடியையும் நீட்டிக்கொள்ள வேண்டும்.

ஏலம் பற்றிச் சுருக்கமாக. ராணுவம் கழிக்கும் பொருட்கள் டி.எல்.ஏ. என்ற பாதுகாப்புத் துறை அமைப்பு வழியாக வருகின்றன. வண்டி வகைகள் பெரும்பாலும் கவ்பிளானட் இணைய ஏலத்தில் விற்கும். விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது, எஸ்.எஃப்.97 என்ற படிவம் கூட வருகிறதா என்பது. வண்டியை உங்கள் பெயரில் பதிவு செய்ய மாநில அலுவலகம் கேட்கும் அரசுச் சான்று அது. வெறும் விற்பனை ரசீதோடு வரும் டிரெய்லரை நம்பர் பிளேட் மாட்டிச் சாலையில் கொண்டுவர ஆய்வு, புது எண், அலைச்சல் என்று இழுக்கும். கிடங்கிலிருந்து எடுக்கும் நாளில் அதை உங்கள் வண்டியிலேயே கட்டி ஓட்டிவரும் எண்ணமும் வேண்டாம். டயர் எத்தனை வருடம் வெயிலில் நின்றது, பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு தட்டு டிரெய்லரை வாடகைக்கு எடுத்து அதன்மேல் ஏற்றி வாருங்கள். ஏற்றுவதற்கு முன் தட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சக்கரக் கவசங்களுக்கு இடையில் 86 அங்குலம் எல்லாத் தட்டிலும் நுழையாது.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். உப்புத்தாளை எடுத்துப் பழைய பச்சை வண்ணத்தைத் தேய்க்கத் தொடங்குவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1980-களிலிருந்து அமெரிக்க ராணுவ வண்டிகளில் அடிப்பது கார்க் எனப்படும் பூச்சு. வேதி ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளான வண்டியைக் கடுமையான திரவங்களால் கழுவினாலும் பூச்சு பெயராமல், நஞ்சை உறிஞ்சிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உருவாக்கிய பாலியூரித்தேன் அது. காய்ந்து கெட்டியான நிலையில் தொட்டால், உட்கார்ந்தால், சாமான் ஏற்றினால் ஒன்றும் ஆகாது. அரைத்தாலோ சூடாக்கினாலோதான் ஆபத்து. வெல்டிங் வெப்பத்திலும் கிரைண்டர் பொறியிலும் ஐசோசயனேட் ஆவி வெளியே வரும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் ஆஸ்துமாவாக நிலைத்துவிடக்கூடும். அடியில் இருக்கும் பழைய பிரைமரில் குரோமியம் இருக்கும். அந்தத் தூசி புற்றுநோய் வரவைக்கும் வகை.

ஆக, வண்ணத்தை முழுக்க எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஈரமாக வைத்துக்கொண்டே லேசாக உராய்த்து, அதன்மேல் புதுப் பூச்சு அடித்துவிடலாம். அந்தப் பூச்சு பிடித்துக்கொண்டிருக்கும் வலிமைக்கு அதைவிட நல்ல அடித்தளம் உங்களால் வீட்டில் உருவாக்க முடியாது. இரும்பு உடல் எம்101-இல் ஒரு இடத்தில் வெல்டிங் வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு ரசாயனப் பேஸ்ட் தடவி வண்ணத்தைக் கரைத்து வழித்தெடுங்கள். திறந்த வெளியில், அதற்குரிய வடிகட்டி மாட்டிய முகமூடியோடு, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாமல் செய்யுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அலுமினிய உடலுக்கு வெல்டிங் தேவையே இல்லை. எல்லாவற்றையும் போல்ட்டு போட்டு இறுக்கலாம். அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும் என்பதால், எவர்சில்வர் போல்ட்டு, நடுவில் நைலான் வாஷர், உள்பக்கம் ஒரு பட்டைத் தகடு என்ற மூன்றையும் தவறாமல் வைக்க வேண்டும்.

அடுத்தது கொக்கி. ராணுவ டிரெய்லரின் மூக்கில் 3 அங்குல உள்விட்டம் உள்ள கனமான இரும்பு வளையம் இருக்கும். இழுக்கும் வண்டியில் அதைக் கவ்விப் பிடிக்க பிண்டில் என்ற கொக்கி வேண்டும். பந்துக் கொக்கியோடு ஒப்பிட்டால் பிண்டில் கரடுமுரடான பாதையில் நன்றாக வளைந்து கொடுக்கும், பிரேக் போடும்போதெல்லாம் 'டங்'கென்று இடிக்கவும் செய்யும். நெடுந்தூரச் சாலைப் பயணத்தில் அந்தச் சத்தம் தலைவலி. ஆனாலும் எம்1101, எம்1102 இரண்டிலும் முதல் வருடம் வளையத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் இவற்றில் வளையமும் பிரேக்கும் ஒரே அமைப்பு. ஜீப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளுவிசையே வளையத்தை உள்ளே அழுத்தி, பிரேக் ஆயிலை இயக்கி, சக்கரங்களைப் பிடிக்க வைக்கும். இதற்கு சர்ஜ் பிரேக் என்று பெயர். ஜீப்பில் தனியாக பிரேக் கருவி எதுவும் வைக்கத் தேவையில்லை. வளையத்தை வெட்டிப் பந்துக் கொக்கி மாட்டினால் பிரேக்கும் போய்விடும். மாற்றுவதென்றால் சர்ஜ் அமைப்போடு சேர்ந்த பந்துக் கொக்கியாக, மொத்தமாக மாற்ற வேண்டும்.

இந்த பிரேக்கில் ஆயில் விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. அமெரிக்க ராணுவம் பயன்படுத்துவது டாட் 5 எனும் சிலிக்கான் ஆயில். சாதாரணக் கார்களில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4, கிளைக்கால் வகை. இரண்டும் கலக்காது. மட்டம் குறைந்திருக்கிறது என்று கார் ஆயிலை ஊற்றினால் பிரேக் மென்மையாகிப் பிடிக்காமல் போகும், ரப்பர் சீல்களும் வீணாகும். டாட் 5.1 என்று கடையில் இருப்பது பெயரில் மட்டும்தான் நெருக்கம், அதுவும் கிளைக்கால்தான். ஒன்று சிலிக்கானையே தொடருங்கள், இல்லையென்றால் குழாய், சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து சீல்களையும் மாற்றிவிட்டு டாட் 3-க்கு வாருங்கள்.

கொலராடோ மலையிறக்கங்களில் சர்ஜ் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் கீழ் கியரில் மெதுவாக இறங்கினாலும் டிரெய்லர் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும். அங்கங்கே நிறுத்தி ஆறவிட வேண்டும். மேட்டில் பின்னால் தள்ளும்போதும் அதே தொல்லை வரலாம். இவை சகிக்க முடியாமல் போனால், எதிர்காலத்தில் அச்சு மாற்றும் நிலை வரும்போது மின்சார பிரேக்குக்கு மாறுங்கள். அதன் பிடி முழுக்க ஓட்டுபவர் கையில் இருக்கும். எது இருந்தாலும், டிரெய்லர் கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்கும் கேபிளும், மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலிகளும் கட்டாயம். ராணுவச் சங்கிலியின் கொக்கிகள் ஜீப்பின் வளையத்தில் நுழையாத அளவு தடிமனாக இருக்கும். அதற்கேற்ற பலம் உள்ள ஷாக்கிள் வாங்கி மாட்டுங்கள், கம்பியால் கட்டி ஒப்பேற்றாதீர்கள்.

சக்கரத்துக்கு வருவோம். ஹம்வி சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து, நடுவில் வரிசையாக நட்டு போட்டு இறுக்கியது. உள்ளே, காற்று போனாலும் ஓடுவதற்கு ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டு எது, சக்கரத்தின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டு எது என்று தெரியாமல் ஸ்பானரை வைக்கவே கூடாது. காற்று இருக்கும்போது பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளைத் தளர்த்தினால் அது வெடித்து ஆளைக் கொல்லும். டயர் வேலை எதுவாக இருந்தாலும் முதலில் வால்வின் உள்முள்ளை முழுக்கக் கழற்றிக் காற்றெல்லாம் போன பிறகுதான் அடுத்த வேலை. இன்னொன்று, இந்த ரிம் 16.5 அங்குலம். கடையில் தாராளமாகக் கிடைப்பது 16 அங்குல டயர். அரை அங்குலம்தானே என்று 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் ஏற்ற முயன்றாலும் வெடிக்கும். டயரின் பக்கச் சுவரில் 4 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். நல்ல பள்ளம் இருந்தாலும் பழைய டயரை நம்பிப் பிள்ளைகளோடு பயணம் போக வேண்டாம். போல்ட்டு அமைப்பு 6.5 அங்குல வட்டத்தில் 8 என்பதால் பல பழைய முக்கால் டன் பிக்கப் வண்டிகளின் சாதாரண ரிம்களே பொருந்தும். ரிம் ஹப்பில் எவ்வளவு உள்ளே உட்காரும் என்ற உள்வாங்கல் அளவு மட்டும் வேறுபடும். ஏற்கெனவே அகலமான வண்டி இன்னும் வெளியே போய்விடாதபடி அளந்து வாங்குங்கள். ஹப்பைத் திறந்து பேரிங்கைக் கழுவி, புதுக் கிரீஸ் திணித்து, சீல் மாற்றுவது ஒரு நாள் வேலை. ஏலத்தில் வந்த எந்த டிரெய்லருக்கும் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டியது அது.

ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. முழுச் சுமைக்குச் செய்த வண்டியில் பாதிச் சுமை ஏற்றினால் அது குதிக்கும், உள்ளே இருக்கும் முட்டை முதல் மின்கலம் வரை எல்லாம் அடிவாங்கும். பட்டை ஸ்பிரிங் உள்ள எம்101-இல் ஒன்றிரண்டு பட்டைகளைக் கழற்றி ஷாக் அப்சார்பரைப் புதுப்பிக்கலாம். எம்1102-இல் உங்கள் கையில் இருப்பது டயர் காற்றழுத்தம். அந்தப் பெரிய டயருக்கு உங்கள் எடைக்கு எவ்வளவு போதும் என்று டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் பார்த்து, அதற்குக் கீழே போகாமல் வைத்துக்கொண்டால் ஓட்டம் மிகவும் மென்மையாகிவிடும்.

விளக்கு வேலையில் பழையதைப் பழுதுபார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 12 முனை ராணுவ இணைப்பு, 24 வோல்ட் பல்பு, போர்க்கால மங்கல் விளக்கு, இவை எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. முழுக்க எடுத்துவிட்டு 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகளும் ஜீப்புக்குப் பொருந்தும் 7 முனை இணைப்பும் போடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக நெகட்டிவ் கம்பி இழுங்கள். கெட்டியான அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது; சட்டத்தையே நெகட்டிவாக நம்பினால் மழை நாளில் விளக்கு கண்ணைச் சிமிட்டும். அமெரிக்க விதிப்படி 80 அங்குலத்துக்கு மேல் அகலமான டிரெய்லருக்குப் பின்னால் நடுவில் மூன்று சிவப்பு விளக்குகளும் மூலைகளில் அகலம் காட்டும் விளக்குகளும் வேண்டும். உங்களுடையது 86 என்பதால் இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவும் முடிந்ததும், இன்னும் எதையும் கட்டாமல், டிரெய்லரைச் சும்மா சாமான் வண்டியாக வைத்து ஒரு பருவம் முகாம் போய் வாருங்கள் என்பதே என் வேண்டுகோள். தரையில் போடும் சாதாரணக் கூடாரம், பிளாஸ்டிக் பெட்டிகள், மேலே ஒரு தார்ப்பாய். எந்தப் பெட்டியைத் தினமும் நான்கு முறை திறக்கிறீர்கள், எது திறக்காமலே வீடு திரும்புகிறது, மழை வந்தால் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், அடுப்பு எந்தப் பக்கம் இருந்தால் காற்றுக்கு மறைவு கிடைக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நான் பார்த்த நல்ல முகாம் டிரெய்லர்கள் எல்லாமே இப்படிப் பயன்படுத்திப் பார்த்துப் பிறகு கட்டியவை. முதல் மாதத்திலேயே இழுப்பறைகள், அலமாரிகள் என்று ஒட்டுப்பலகையில் கட்டி நிரப்பியவர்கள் அடுத்த ஆண்டு அதையே பிரித்துக்கொண்டிருந்தார்கள், எடை தாங்காமல்.

எடைக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்ப்போம். எம்1102 காலியாக 660 கிலோ. கூடாரம் நிற்கச் சட்டம் 60. சட்டத்தின்மேல் மடித்து வைத்து விரிக்கும் நான்கு பேருக்கான கூரைக் கூடாரம் மெத்தையோடு 85. சாப்பாட்டோடு ஃபிரிட்ஜ் 45. மின்கலமும் சூரியத் தகடும் 35. தண்ணீர் 80 லிட்டர், தொட்டியோடு 85. அடுப்பு, இழுப்பறை, பாத்திரம் 70. நிறைந்த கேஸ் சிலிண்டர் 17. உபரிச் சக்கரம் 50. துணி, படுக்கை, நாற்காலி எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 1207 கிலோ. ஜீப்பின் வரம்பான 1588-க்குள் இருக்கிறது. ஆனால் ஜீப்புக்குள்ளும் நான்கு பேர் இருக்கிறீர்கள், மேட்டில் காற்று மெலிந்து எஞ்சினின் பலமும் குறையும். 1250-ஐத் தாண்ட மாட்டேன் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக எதையாவது ஏற்ற வேண்டும் என்றால் பழையதில் ஒன்று இறங்க வேண்டும். எல்லாம் ஏற்றியதும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) நிறுவன எடைமேடையில் ஏற்றி உண்மை எடையைப் பார்த்துவிடுங்கள். காகிதக் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

எடை எங்கே உட்காருகிறது என்பது எவ்வளவு என்பதற்குச் சமமான விஷயம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கின்மேல் அழுத்த வேண்டும். 1200 கிலோ டிரெய்லருக்குக் குறைந்தது 120 கிலோ. ரேங்லரின் கொக்கி தாங்கும் அளவு 350 பவுண்ட், அதாவது 159 கிலோ. ஆக உங்கள் இடைவெளி 120-க்கும் 159-க்கும் நடுவில்தான். பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளியத் தொடங்கும், அதைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். பயணத்தில் எடை மாறுவது தண்ணீரில்தான் என்பதால் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, சற்று முன்னால், தரையோடு வையுங்கள். நிறைந்தாலும் காலியானாலும் மூக்கின் எடை பெரிதாக மாறாது. பின் கதவோரம் சமையலறை வருவதால், ஈடுகட்ட முன்பக்கம் மின்கலமும் கருவிப் பெட்டியும் வரட்டும்.

கூரைக் கூடாரத்தை மூடியின்மேலேயே வைத்து, மூடியோடு சேர்த்துத் தூக்கும்படி பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 85 கிலோவைத் தலைக்குமேல் தாங்கி நிற்பது வாயு நிரப்பிய இரண்டு தண்டுகள். குளிரில் அவற்றின் பலம் குறையும். அடியில் கைவிட்டுச் சாமான் எடுப்பது உங்கள் பிள்ளை. கூடாரத்துக்குத் தனிச் சட்டம் அடித்து, தொட்டிக்கும் அதற்கும் நடுவில் கைகள் தாராளமாகப் புழங்கும் இடைவெளி விடுங்கள். அதற்குமேல் உயர்த்த வேண்டாம். உயரம் கூடினால் சரிவான பாதையில் கவிழும் பயமும் ஏணியின் நீளமும் கூடும். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குழந்தை இறங்கப்போகும் ஏணி அது. சின்னவர் அதற்குப் பழகும்வரை ஒரு பெரியவரும் அவரும் கீழே தரைக் கூடாரத்தில் படுப்பதே நிம்மதி. இன்னொரு முக்கியமான விஷயம்: ஜீப்பிலிருந்து கழற்றிய டிரெய்லரின் பின்பக்கம் நான்கு பேரும் ஏறினால் அது பின்னால் சாய்ந்துவிடும். பின் மூலைகளில் இரண்டு தாங்குகால்கள் இறக்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று வீட்டு விதியாக்குங்கள்.

சமையலுக்கு, பின் கதவைத் திறந்ததும் இழுத்து நிறுத்தும் ஒரு தட்டு, அதில் இரட்டை அடுப்பு, அவ்வளவு போதும். சிலிண்டர் எப்போதும் தொட்டிக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம். தொட்டிக்குள் கசிந்தால் கிணற்றில் தண்ணீர்போல் அடியில் தேங்கிக் கிடக்கும், அங்கேதான் மின்கலத்தின் சுவிட்சும் இருக்கும். கூடாரத்துக்குள் குளிருக்காக அடுப்பை மூட்டுவது கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஒன்று. அதில் சுமார் 1280 வாட்-மணி இருக்கும். 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் வெயிலைப் பொறுத்து ஒரு நாளைக்கு 300 முதல் 600 வரை எடுக்கும். இரண்டு நாள் தாராளமாக ஓடும். 200 வாட் சூரியத் தகடு இருந்தால் கோடையில் கவலையே வேண்டாம். இந்த மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. மலையில் அக்டோபர் காலை என்றால் அது நடக்கக்கூடியதுதான், ஆகவே குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஜீப்பிலிருந்து சார்ஜ் ஏற்ற நீண்ட கம்பி போதாது, மின்கலத்துக்குப் பக்கத்தில், வோல்ட்டேஜை அதற்கேற்ற அளவுக்குக் கொண்டுவரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். பியூஸ் மின்கலத்தின் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

கரடி இருக்கும் பகுதிகளில் சமையலறையின் மேலேயே படுக்கை இருக்கும் இந்த அமைப்பு ஒரு குறைதான். சாப்பாட்டையும் பற்பசையையும் இரவில் டிரெய்லரில் விடாதீர்கள். அலுமினியத் தகடு கரடிக்குத் தடையே அல்ல. பூட்டிய வண்டிக்குள் வைக்கலாம் என்பது பல இடங்களில் விதி, யோசெமிட்டியில் அதுவும் கூடாது, அங்கே இரும்பு அலமாரியில்தான் வைக்க வேண்டும். போகும் இடத்தின் விதியைக் கேட்டுக்கொண்டு போங்கள். மத்திய அரசின் பி.எல்.எம். நிலங்களில் இலவசமாகத் தங்கலாம். ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள் வரை அனுமதி உண்டு. இப்படி ஒரு டிரெய்லர் உண்மையில் உதவுவது அங்கேதான். தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத இடம் என்பதால் கழிவைத் திரும்ப எடுத்துவரும் கையடக்கக் கழிப்பறை ஒன்றுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

முதல் பயணத்தை வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் வையுங்கள். 50 மைல் ஓடியதும் நிறுத்தி எல்லா வீல் நட்டுகளையும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி இறுக்குங்கள். இரண்டு ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது அனலாகவும் இருந்தால், அந்தப் பக்கம் பேரிங் இறுக்கம் கூடிவிட்டது அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.